பதினொரு கோழிகளுக்கு நூற்று நாற்பது சதுர அடி

பியாங்கின் கோழிகள் இடமில்லாமல் தவிக்கின்றன என்ற செய்தி, கோழிகளைத் தவிர சான் கலிஸ்தோவில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

கோழிகளுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அவை பலா மரத்தில் தூங்கிக்கொண்டிருந்ததுதான். வெயில் சாய்ந்ததும் பத்துப் பெட்டைகளும் ஒரு சேவலும் முற்றத்து மரத்தில் தத்தித் தத்தி ஏறும். கொஞ்ச நேரம் கிளைச் சண்டை நடக்கும். பிறகு ஆளுக்கொரு கிளையில் உட்கார்ந்து கடல் காற்று வாங்கியபடி கண்ணை மூடிவிடும். வருஷத்தில் பன்னிரண்டு மாதமும் புழுங்கித் தள்ளுகிற அந்தத் தீவில் நாட்டுக்கோழிகள் இப்படித்தான் தூங்கும். இதில் ஒரு குற்றம் ஒளிந்திருக்கிறது என்று பியாங் கனவிலும் நினைத்ததில்லை.

அவளுடைய முழுப்பெயர் பொலிகார்ப்பியா. அதை ஞானஸ்நானப் பதிவேட்டோடு விட்டுவிட்டு ஊர் அவளைப் பியாங் என்றே கூப்பிட்டது. ஜீப்னி வண்டிகள் புறப்படும் இடத்தில் காலை நாலரை மணிக்கே இஞ்சிக் கஞ்சி விற்பாள். கஞ்சியில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மேலே பாதியாக வெட்டி வைக்கும் முட்டைதான் ரகசியம். மஞ்சள் கரு சிவந்திருக்கும். ஒருநாள் அவள் கடை முட்டையை வைத்துப் பார்த்தபோது ஓட்டுநர்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், எதிர்க் கடைக்குப் போனார்கள். ஆக, கோழிகள் இல்லையென்றால் அவளிடம் மிச்சம் வெறும் கஞ்சிதான். ஆனால் அவள் கோழிகளை நேசித்தது அதற்காக மட்டும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் மூத்தது சென்யோரா. முட்டை போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் உயரமான கிளை அதற்குத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் அளவு நாடாவுமாக வெனான்சியோ வந்தான். மாகாணக் கோழி வசிப்பிட நலத்துறையின் கள உதவியாளன். பார்ப்பதற்கே மன்னிப்புக் கேட்பது போல நிற்கிற ஒல்லியான ஆள்.

"அக்கா, உங்க கோழிக்கூட்ட அளக்கணும். கூடு எங்க?"

பியாங் உதட்டைக் குவித்து மேலே காட்டினாள்.

வெனான்சியோ அண்ணாந்து பார்த்தான். "அது மரம்க்கா."

"ஆமா."

"நான் கூடு கேட்டேன்."

"கோழி எங்க தூங்குதோ அதானே தம்பி கூடு?"

"தூங்கறத வச்சு சொல்ல முடியாதுக்கா. எங்க டைரக்டர் தினம் மீட்டிங்ல தூங்கறாரு. அதுக்காக அத படுக்கையறைன்னு எழுத முடியுமா?"

வெனான்சியோ நல்லவன். படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு தன்னால் ஆனமட்டும் முயன்றான். கதவு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினான். கூரை என்ற இடத்தில் 'இலை' என்று எழுதினான். காற்றோட்டம் என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்துவிட்டு 'மிக அதிகம்' என்று எழுதினான். தரைப் பரப்பளவு என்ற இடம் வந்தபோது பேனா நின்றுவிட்டது.

"மரத்துக்குத் தரை ஏதுக்கா?"

"கிடையாது."

"அப்ப பூஜ்யம்." எழுதினான். "இதப் பதினொண்ணால வகுக்கணும். ஒரு கோழிக்கு எவ்வளவுன்னு தெரியணும்ல." கணக்கிடும் கருவியை எடுத்துத் தட்டினான். பூஜ்யத்தைப் பதினொன்றால் வகுக்க வேண்டியவன், அவசரத்தில் பதினொன்றைப் பூஜ்யத்தால் வகுத்துவிட்டான். கருவி 'பிழை' என்று காட்டியது. குலுக்கிவிட்டு மறுபடி தட்டினான். மறுபடியும் பிழை. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பது துறையின் விதி. 'ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம்: பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

துறையின் அலுவலகம் நகரத்தில் ஒரு ரொட்டிக் கடைக்கு நேர் மேலே இருந்தது. கீழே அடுப்பு, மேலே அலுவலகம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒரே ஜன்னல். அந்த ஜன்னலையும் டைரக்டரின் முகம் அச்சடித்த துணிப் பதாகை மூடியிருந்தது. உள்ளே ஒரு டைரக்டரும் பத்து ஊழியர்களும், கோப்பு அலமாரிகள் மிச்சம் விட்ட இடத்தில் முழங்கை முழங்கையோடு இடிக்க உட்கார்ந்து, வெப்பநாட்டில் கோழிகள் நெருக்கமில்லாமல் வாழ்வது எப்படி என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் துறை எதற்காகத் தொடங்கப்பட்டது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அதை மூட வேண்டும் என்றும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

டைரக்டரின் பெயர் டாக்டர் ஹெர்மோகெனெஸ் தூமாலகன். எதில் டாக்டர் என்று கேட்கிற தைரியம் மாகாணத்தில் ஒருவருக்கும் இருந்ததில்லை. வெனான்சியோவின் படிவத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ரெண்டு சதுர அடி பாத்திருக்கேன். ஒண்ணு பாத்திருக்கேன். அரை கூட பாத்திருக்கேன். பிழை பாத்ததில்ல," என்றார். "அந்தப் பொம்பளைக்கு நெஞ்சில ஈரமே இல்லையாய்யா?"

அந்த வாரமே பியாங்குக்குக் கடிதம் வந்தது. மாகாணத்தின் வரலாற்றிலேயே மிக நெருக்கமான கோழிக்கூட்டை வைத்திருப்பவள் அவள்தான் என்று அதில் இருந்தது. தலைமையகத்திலிருந்து ஆய்வாளர் வரும் நாளில் பதினொரு உயிர்களும் விதிப்படி அமைந்த கூட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பியாங்கின் கோழிகள் துறையால் மீட்கப்படும்.

மீட்கப்படும் என்றால் என்ன என்பது அவளுக்குப் பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது.

வகுப்புக்குப் போவது கட்டாயம். இருபது பேர் உட்காரும் அறையில் அறுபத்தெட்டுக் கோழி வளர்ப்பாளர்களை உட்கார வைத்திருந்தார்கள். மின்விசிறி ஒன்றே ஒன்று, அதுவும் மேடையைப் பார்த்து. முதலில் ஜெபம். பிறகு தேசிய கீதம். பிறகு மாகாண கீதம். பிறகு உற்சாகம் வருவதற்காக எல்லோரையும் எழுப்பி நடன உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். இடமில்லாததால் பியாங் பக்கத்து ஆளின் காலில்தான் ஆடினாள். பிறகு வெனான்சியோ டைரக்டரை அறிமுகப்படுத்தினான். அவர் மூன்றாம் வகுப்பில் கையெழுத்துக்காக வாங்கிய பதக்கத்தில் தொடங்கி நாற்பது நிமிஷம் வாசித்தான். நடுவில் மூன்றாவது வரிசையில் ஒருவர் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்தார். உணர்ச்சிவசப்பட்டார் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

டாக்டர் தூமாலகன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"அன்பர்களே, குளிர்நாட்டுக் கோழிக்கு நாலு சதுர அடி போதும். ஒண்ண ஒண்ணு ஒட்டிக்கிட்டு சூடு ஏத்திக்கும். நம்ம கோழி அப்படியா? ஒரு கோழியோட உடம்புச் சூடு பக்கத்துக் கோழியக் கொல்லும். அதனால அடிப்படை நாலு, வெப்பத்துக்கு நாலு, ஈரக்காத்துக்கு ரெண்டு, மன அமைதிக்கு ரெண்டு, ஆக பன்னெண்டு. சேவலுக்கு மட்டும் மேல எட்டு. அது கௌரவத்துக்கு. பொறுப்புல இருக்கறவங்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். இந்த ஆராய்ச்சிக்காக நான் மூணு குளிர்நாட்டுக்குப் போயிட்டு வந்தேன். வெப்பம்னா என்னங்கறதே எனக்கு அங்க போனப்பறம்தான் தெரிஞ்சுது."

கைதட்டல் எழுந்தது. கை தட்ட இடமில்லாதவர்கள் தலையாட்டினார்கள்.

"கோழியக் கேட்டீங்களான்னு சிலபேர் கேக்கறாங்க. நான் கேக்கறேன், கோழி என்ன படிச்சிருக்கு? இன்னொண்ணு. இவ்வளவு இடம் குடுக்கறோம்ல, அதுக்குத் தகுதி வேணும். முட்டை போடாததுக்கு இடம் குடுக்கறது தேசத்துக்குச் செய்யற துரோகம். சும்மா உக்காந்து தீனி தின்னுட்டு இடத்த அடைச்சிக்கிட்டு இருக்கறத எல்லாம் உடனே கழிச்சுக் கட்டணும். பிரிவு பதினாலு. நானே என் கையால எழுதினது."

பியாங் சென்யோராவை நினைத்துக்கொண்டாள்.

மதியம் ஆளுக்கொரு அட்டைப் பெட்டியில் சோறும் பொரித்த கோழியும் கொடுத்தார்கள். பரிமாறிய சமையல்காரியிடம் பியாங் கேட்டாள். "நல்லா நாட்டுக்கோழியா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"வாங்கறதா? இதெல்லாம் போன மாசம் மீட்டதுக்கா," என்றாள் சமையல்காரி. "பாவம், ரொம்ப நெருக்கத்துல இருந்துச்சுங்களாம்."

பியாங் பெட்டியை மூடி வைத்துவிட்டாள். அன்று வீடு வந்து சேர்ந்ததும் பலா மரத்தடியில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினொன்றும் இருந்தன. சேவல் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

மறுவாரம் கோழிகளைப் பதிவு செய்யச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பின்னணியில் புகைப்படம் நான்கு, மூன்று மாதிரிக் கையெழுத்து, கிராமத் தலைவரின் நன்னடத்தைச் சான்று. கையெழுத்துக்குக் காலை மையில் முக்கி வைத்தாள். கிராமத் தலைவர் கோழிகளைத் தெரியும் என்றும், அவை மீது வழக்கு எதுவும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார். புகைப்படம்தான் சிக்கலாகிவிட்டது. இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று விதி.

"கோழிக்குக் காது இறகுக்குள்ள இருக்கு தம்பி," என்றாள் பியாங்.

"தெரியும்க்கா. ஆனா இறகு காத மறைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே." வெனான்சியோவுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. கடைசியில் அவனே சென்யோராவின் கன்னத்து இறகை இரண்டு பக்கமும் விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, தன் முகம் படத்தில் விழாமல் தரையில் படுத்துக்கொண்டான். பதினொரு கோழி, பதினொரு தடவை. அன்றைக்குப் பியாங் அவனுக்கு முட்டையோடு கஞ்சி கொடுத்தாள். கிண்ணத்தைக் காலி செய்து அவனே கழுவி வைத்தான்.

"அக்கா, இந்தக் கோழிங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது," என்றான்.

"நீதான தம்பி பிழைன்னு எழுதின."

"கருவி சொல்லுச்சுக்கா," என்று தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தச் சமயம் பார்த்து துறையில் ஒரு நெருக்கடி. வருஷம் முடியப் போகிறது, ஒதுக்கிய நிதி அப்படியே இருக்கிறது. செலவழிக்காத துறையைத் தலைமையகம் தொழுநோயாளியைப் பார்ப்பது போலப் பார்க்கும். டாக்டர் தூமாலகன் ஒரே இரவில் ஒரு திட்டம் தீட்டினார். மாகாணத்தின் மிக மோசமான கூடு எங்கே இருக்கிறதோ, அங்கேயே மாகாணத்தின் மிகச் சிறந்த கூடு எழும்ப வேண்டும்.

பியாங்கின் முற்றத்தில் மண்வெட்டியில் ரிப்பன் கட்டி முதல் மண்ணை வெட்டினார்கள். பத்தடிக்குப் பதினாலடி, மொத்தம் நூற்று நாற்பது சதுர அடி: பத்துப் பெட்டைகளுக்கு நூற்றி இருபது, சேவலுக்கு இருபது. உயரமான ஓலைக் கூரை, நாலு பக்கமும் கம்பி வலை, தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிய மூங்கில் தளம், மேலே இரண்டு மின்விசிறி. உள்ளதைச் சொல்ல வேண்டும், கூடு அருமையான கூடு. பியாங்கின் வீடே அவ்வளவு நன்றாக இல்லை. சாலையைப் பார்த்த பக்கம் மட்டும் டைரக்டரின் முகம் எட்டடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றது. 'இனி நெருக்கம் இல்லை' என்று அதன் கீழே எழுதியிருந்தது.

திறப்பு விழாவுக்குப் பாதிரியார் வந்து புனித நீர் தெளித்தார். டைரக்டர் ரிப்பன் வெட்டினார். கத்தரி வெட்டாததால் கையால் பிய்த்தார். பதினொரு கோழிகளையும் ஊழியர்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கி உள்ளே விட்டார்கள். கோழிகள் மின்விசிறியைப் பார்த்தன, எட்டடி முகத்தின் பின்பக்கத்தைப் பார்த்தன, திறந்திருந்த கதவைப் பார்த்தன. நேராக நடந்து வெளியே வந்து பலா மரத்தில் ஏறிக்கொண்டன. பாதிரியார் மட்டும் சிரித்தார். அவருக்கு மாற்றல் பயம் கிடையாது.

"புதுசு இல்லையா, கூச்சப்படுது," என்றார் டைரக்டர்.

மறுநாளும் கூச்சப்பட்டன. மறுவாரமும் கூச்சப்பட்டன. பிடித்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினால் கம்பி வலையில் மோதி மோதி இறகைக் கொட்டின. பெட்டைகள் முட்டையை நிறுத்திவிட்டன, பியாங் ஐந்து நாள் வெறும் கஞ்சி விற்றாள். ஆறாம் நாள் காலையில் அவளே கதவைத் திறந்துவிட்டாள். என்ன ஆனாலும் சரி, இருக்கிற வரைக்கும் அதுகள் நிம்மதியாக இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

கோழிகள் உள்ளே வருகிற நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று டைரக்டர் உத்தரவு போட்டார். வெனான்சியோ ஒரு நாற்காலியைக் கூட்டுக்குள் போட்டு உட்கார்ந்து கண்காணித்தான். கோழி வரவில்லை, காற்று வந்தது. ரொட்டி அடுப்புக்கு மேலே ஒன்பது வருஷம் வெந்தவனுக்கு அது என்னவோ செய்தது. மறுநாள் அவன் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்துத் தட்டச்சுக்காரி சந்தேகப்பட்டாள். அறிக்கையைத் தட்டச்சு செய்ய அங்கேயே வரட்டுமா என்று கேட்டு வந்தாள். அவளிடம் கையெழுத்து வாங்க எழுத்தர் வந்தார். எழுத்தரைத் தேடிக்கொண்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பத்தே நாளில் கோப்பு அலமாரிகள் வந்துவிட்டன. கடைசியாக டைரக்டரின் பெரிய மேஜையும் மெத்தை வைத்த சுழல் நாற்காலியும் மாட்டு வண்டியில் வந்து இறங்கின.

"களத்துக்குப் பக்கத்துல நிர்வாகம்," என்றார் டாக்டர் தூமாலகன், மூங்கில் தளத்தில் கால் நீட்டியபடி. "இது என்னோட சிந்தனை."

ஏழு வாரம் இப்படியே போயிற்று. பகலெல்லாம் கூட்டுக்குள் பதினொரு பேர். வெளியே பதினொரு கோழிகள் கம்பி வலை வழியாக உள்ளே பார்த்துவிட்டுப் போகும். ஊழியர்கள் சாப்பிடும் நேரத்தில் மட்டும் நின்று பார்க்கும்.

தலைமையக ஆய்வாளர் வரும் நாளும் வந்தது. லெயோனிலா என்று பெயர். மணிலாவிலிருந்து வந்த நடுத்தர வயதுப் பெண்மணி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை, சிரித்தால்தானே சுருக்கம் விழும். படிவத்தைப் பலகையில் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டு கூட்டின் முன் நின்றாள். கோழி மீட்பு வேன், ஓட்டுநர் போயெட்டோடும் வலையோடும் வாசலில் தயாராக நின்றது. பியாங் வேனைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். பட்டப்பகல், கோழிகள் மரத்தடி நிழலில் மண் குளித்துக்கொண்டிருந்தன. கூட்டுக்குள் ஒன்றுகூட இல்லை.

வெனான்சியோ கூட்டுக்குள்ளிருந்து எழுந்தான். "மேடம், கோழிங்க வந்து... இங்க இல்ல, மரத்..."

"வெனான்சியோ, நீ சும்மா உக்காரு," என்றார் டைரக்டர். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நூற்று நாற்பது சதுர அடியும் காலி என்று எழுதிவிட்டால் அவருடைய இருபத்தாறு வருஷமும் காலி. தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், உள்ள இருக்க வேண்டியது பதினொண்ணு. பதினொண்ணு இருக்கோம். நல்லா எண்ணிப் பாத்துக்கோங்க."

லெயோனிலா அவரைப் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள்.

"'உள்ளே வசிப்பவை எத்தனை'ன்னுதான் கேட்டிருக்கு," என்றாள் நிதானமாக. "என்ன இனம்னு கேக்கல. கேக்காத கேள்விக்குப் பதில் எழுதற பழக்கம் எனக்கு இல்ல." பென்சில் முனையால் ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணினாள். "பதினொண்ணு. இதுல சேவல் எது?"

"நான்தான் மேடம்," என்று டைரக்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

அவருடைய மேஜையும் நாற்காலியும் அடைத்திருந்த இடத்தை அளந்தாள். இருபது சதுர அடி, கௌரவம் உட்பட. குறித்துக்கொண்டாள். "இடம் போதுமானது. நெருக்கம் இல்லை. இப்ப வளக்கறவங்க கிட்ட கொஞ்சம் கேக்கணும்."

பியாங் முன்னால் வந்தாள். பொய் சொல்லத்தான் வாய் திறந்தாள். அப்போது பொரித்த கோழி இருந்த அந்த அட்டைப் பெட்டி ஞாபகம் வந்தது. கூடவே பிரிவு பதினாலும் ஞாபகம் வந்தது. உண்மையையே சொல்லிவிடலாம் என்று பட்டது.

"இதுங்க எத்தன நாளா உள்ள இருக்கு?"

"ஏழு வாரம் ஆச்சும்மா."

"தீனி?"

"பத்து மணிக்கு நூடுல்ஸ். மதியம் சோறு, மீனு. மூணு மணிக்கு புட்டு, காபி. யாருக்காவது பொறந்தநாள்னா தனி."

"நடமாட்டம்?"

"சாப்பாடு வந்தா எந்திரிக்கும்."

"சத்தம்?"

"சேவல் மட்டும் பேசிக்கிட்டே இருக்கும். மத்ததுங்க தலையாட்டும்."

"முட்டை?"

கூட்டுக்குள் பத்து முகங்கள் பியாங்கின் பக்கம் திரும்பின. வெனான்சியோ மட்டும் தரையைப் பார்த்தான்.

"ஒண்ணுகூட இல்லம்மா."

"ஏழு வாரத்துல ஒண்ணுகூடவா?"

"அதுக்கு முன்னாடியும் போட்டதாத் தெரியல."

லெயோனிலா எழுதிக்கொண்டாள். டைரக்டர் கம்பி வலையோரம் வந்து பியாங்கின் காதில், "பரவால்ல, முட்டை முக்கியமில்ல, இடம்தான் முக்கியம். பாஸாயிட்டோம்," என்று கிசுகிசுத்தார். வேன் காலியாகவே திரும்பிப் போனது. பியாங் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்து சென்யோராவை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

தலைமையகத்திலிருந்து பதினைந்தே நாளில் பதில் வந்தது. முதல் பக்கத்தில் பாராட்டு. இரண்டாம் பக்கத்தில், மேற்படி கூட்டில் வசிக்கும் பதினொன்றும் முட்டையிடுவதில்லை என்று தெரியவருவதால், பிரிவு பதினாலின்படி அவற்றை உடனே கழித்துப் பயிற்சி மையத்தின் சமையலறையில் ஒப்படைக்கவும் என்று இருந்தது. மாகாண டைரக்டர் கையெழுத்திட வேண்டும். டாக்டர் தூமாலகன் கையெழுத்துப் போடுவதை ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பேனாவை உயர்த்தி, இல்லாத கேமராவைப் பார்த்து, ஒரு பெரிய வளைவு, மூன்று சுழி, கடைசியில் வால் போல ஓர் இழுப்பு. கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் கோடு நடுங்கும் என்பது அவர் அனுபவம்.

மறுநாள் காலை போயெட் வேனை ஓட்டிக்கொண்டு வந்தான். தினக்கூலி ஆள், துறையின் கணக்கில் இல்லாதவன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டின் கதவைத் திறந்தான்.

"எல்லாரும் கொஞ்சம் வண்டியில ஏறுங்க சார். கழிக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு."

"யாரக் கழிக்க?"

"உள்ள இருக்கறத. பதினொண்ணு."

"எவன்யா கையெழுத்துப் போட்டது?"

போயெட் தாளை நீட்டினான். டைரக்டர் வாங்கிப் பார்த்தார். வளைவு, சுழி, வால். அவர் முகத்தில் கோபம் வந்தது, பிறகு குழப்பம் வந்தது, கடைசியில் என்ன செய்வதென்று தெரியாத ஒரு பெருமை வந்தது. தன் கையெழுத்தைத் தானே மீறினால் அப்புறம் ஆட்சி என்ன ஆகும்? கோட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வேனில் ஏறினார். சேவல் என்பதால் முன் இருக்கை கேட்டார். வேனில் ஆறு பேர்தான் உட்காரலாம். பதினொரு பேரும் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டார்கள்.

"தம்பி," என்று பியாங் வேன் ஜன்னலில் ஒரு கிண்ணம் கஞ்சியை நீட்டினாள். வெனான்சியோ வாங்கிக்கொண்டான். முழு முட்டை வைத்திருந்தாள்.

பயிற்சி மையத்துச் சமையல்காரி பதினொன்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போட்டாள் என்று பிறகு செய்தி வந்தது. இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கு எழுத்து மூலம் எந்த உத்தரவும் வரவில்லை. அதுவரைக்கும் வெங்காயம் உரியுங்கள் என்று உட்கார வைத்திருக்கிறாளாம். டைரக்டர் மட்டும் உரிப்பதில்லை. உரித்த வெங்காயம் ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கொடுக்கிறார்.

வேன் போன மறுநாள் காலை, பியாங் கடைக்குக் கிளம்பும்போது கூட்டுக்குள் ஏதோ சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். சென்யோரா உள்ளே போயிருந்தது. எந்த விழாவும் இல்லாமல் எந்தப் பேச்சும் இல்லாமல் தானாகவே போய், டைரக்டரின் மெத்தை நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தது. பியாங் சத்தம் போடாமல் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் சென்யோரா எழுந்து சிறகை உதறிக்கொண்டு, ஒரு பார்வை பார்த்துவிட்டு, பலா மரத்துக்கே திரும்பிப் போனது.

நாற்காலியில் ஒரு முட்டை இருந்தது, இன்னும் சூடாக.

பியாங் அதை முந்தானை போலத் தூக்கிப் பிடித்த ஏப்ரனில் வைத்துக்கொண்டு ஜீப்னி நிலையத்துக்கு நடந்தாள். அதை அவித்து முதல் ஓட்டுநர் கிண்ணத்தில் பாதியாக வெட்டி வைத்தாள். நல்ல சிவந்த கரு.

"எந்தக் கோழிது பியாங், இவ்வளவு நல்லாயிருக்கு?"

"எந்தக் கோழிங்கறது இருக்கட்டும்," என்றாள் பியாங். "எந்த நாற்காலின்னு கேளு. இருபத்தாறு வருஷத்துல அதுல நடந்த மொத வேலை இது."